6061-டி6 ஸ்டர் வெல்டிங்: வெல்டு தாங்குகிறது, பக்கத்துத் தகடு உடைகிறது. சூடு போதவில்லையா, கூடிவிட்டதா?

#1 சுழலி

வணக்கம். ஒரு செங்குத்து மில்லிங் மெஷினில் ஆறு மாதமாக ஸ்டர் வெல்டிங் பழகி வருகிறேன். உலோகத்தை உருக்காமல், சுழலும் டூலின் உராய்வாலேயே இளக்கிக் கிளறி ஒட்டும் முறை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

6 மிமீ தடிமன் 6061-டி6 அலுமினியத் தகடுகள் இரண்டை விளிம்போடு விளிம்பு வைத்துச் சேர்க்கிறேன். டூல் எச்13 ஸ்டீல். தகட்டின் மேல் அழுந்தித் தேய்க்கும் ஷோல்டரின் விட்டம் 18 மிமீ. அதன் நடுவே நீட்டிக்கொண்டு மூட்டுக்குள் இறங்கிக் கிளறும் பின் (pin) விட்டம் 6 மிமீ, நீளம் 5.7 மிமீ. டூல் 2 டிகிரி பின்சாய்வு. 1000 ஆர்பிஎம், டூல் நகரும் வேகம் (ஃபீட்) நிமிடத்துக்கு 100 மிமீ.

மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வருகிறது. நகத்தால் தடவினால் அந்த அரைவட்டக் கோடுகள் மட்டும் லேசாக நெருடும். அடிப்பக்கம் வெளியே வரும்படி வளைத்துப் பார்த்தேன், விரிசல் இல்லை. ஆனால் இழுத்துப் பார்த்தால் 195 மெகாபாஸ்கலில் உடைந்துவிடுகிறது. தாய்த்தகடு 312. மூன்று துண்டு இழுத்தேன், மூன்றும் வெல்டின் நடுவில் உடையவில்லை. நடுவிலிருந்து சுமார் 10 மிமீ தள்ளி, கழுத்துப் போலச் சிறுத்து, சாய்வாக அறுந்தன.

சூடு போதவில்லையோ என்று 1400 ஆர்பிஎம்முக்கு ஏற்றினேன். இருபுறமும் இளகிய உலோகம் சுருள் சுருளாக, பிளாஷ் என்கிறார்களே, அப்படிப் பிதுங்கியது. வலிமை 188 ஆகக் குறைந்தது. இப்போது சூட்டைக் கூட்டுவதா, குறைப்பதா? குழம்பிப் போயிருக்கிறேன்.

#2 பழையவெல்டர்

தம்பி, நான் முப்பது வருடம் டிக், மிக் என்ற ஆர்க் வெல்டிங் பார்த்தவன். ஸ்டர் வெல்டிங்குக்கு வந்தது நான்கு வருடமாகத்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் "இதில் உலோகம் உருகாது, அதனால் சூட்டால் கெடுவது என்ற பேச்சே இல்லை" என்றார்கள். அப்படியானால் உங்கள் தகட்டையே சந்தேகப்பட வேண்டியதுதான். டி6 என்று சொல்லி வேறு எதையாவது கொடுத்திருக்கலாம். வெல்டு செய்யாத துண்டை அதே லாட்டிலிருந்து இழுத்துப் பார்த்தீர்களா?

இன்னொன்று. ஆர்க் வெல்டிங்கில் 6061-டி6க்கு ஏடபிள்யூஎஸ் டி1.2 (அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் அலுமினிய விதிநூல்) கேட்பதே குறைந்தபட்சம் 165 மெகாபாஸ்கல்தான். 195 என்பது அதைவிட மேல். மனம் தளர வேண்டாம்.

#3 சுழலி

அதே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுதான் 312 தந்தது, ஐயா. தகடு டி6தான்.

#4 நுண்ணமைப்பு

சுழலி, உங்கள் வெல்டில் கோளாறு இல்லை. உலோகவியல்படி எங்கே உடைய வேண்டுமோ அங்கேதான் உடைந்திருக்கிறது. ஆனால் அதை 195லிருந்து மேலே கொண்டுவர வழி இருக்கிறது.

பழையவெல்டர் ஐயா சொன்ன "உருகாது, அதனால் கெடாது" என்பதைப் பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் பாதி சரி. 6061 உருகத் தொடங்குவது 582°செ. உங்கள் டூலுக்கு அடியில் இருக்கும் சூடு ஏறத்தாழ 450 முதல் 520 வரை. உருகல் இல்லை, அதனால் வாயுத் துளை இல்லை, உருகியது உறையும்போது வரும் விரிசல் இல்லை. ஆனால் டி6 தகட்டுக்கு வலிமை தருவது எது என்று பார்த்தால் இரண்டாம் பாதி நிற்காது.

6061இல் மெக்னீசியமும் சிலிக்கானும் தலா ஒரு சதவீதம் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கின்றன. டி6 என்றால் தகட்டை 530°செ அருகில் வைத்து அவற்றை அலுமினியத்துக்குள் கரைத்து, சட்டென்று நீரில் குளிரவைத்து, பிறகு 160 முதல் 175 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருப்பார்கள். அப்போது மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து ஊசி ஊசியாகப் படியும். ஒரு ஊசியின் தடிமன் சில நானோமீட்டர்தான். இந்த ஊசிக் கூட்டம்தான் உலோகத்துக்குள் நழுவல் நடக்காமல் பிடித்துக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டால் டி6 வெறும் மெத்தென்ற அலுமினியம்.

170 டிகிரியில் உருவான ஊசிகளை 250, 300, 350 என்று கொண்டுபோனால் என்ன ஆகும்? சின்ன ஊசிகள் கரைந்து, பக்கத்தில் இருக்கும் பெரியவற்றோடு சேர்ந்து தடித்த கம்பிகளாகிவிடும். எண்ணிக்கை குறையும், இடைவெளி பெருகும், வலிமை விழும். டூலின் ஷோல்டர் விளிம்பை ஒட்டி, உங்களுக்கு நடுவிலிருந்து 9, 10 மிமீ தள்ளி, இதேதான் நடக்கிறது. ஹாஸ் என்று சொல்கிறோமே, அந்த வெப்பத்தாக்கப் பகுதி இதுதான். உருக்கும் வெல்டிங்கில் இருப்பது போலவே இதிலும் உண்டு.

அதைவிடச் சூடான நடுப்பகுதி ஏன் உடையவில்லை என்று கேட்பீர்கள். அங்கே சூடு 450ஐத் தாண்டுவதால் ஊசிகள் தடிப்பதோடு நிற்காமல் பெரும்பாலும் கரைந்தே போய்விடுகின்றன. டூல் கடந்ததும் வேகமாகக் குளிர்வதால் மெக்னீசியமும் சிலிக்கானும் கரைந்த நிலையிலேயே உள்ளே மாட்டிக்கொள்கின்றன. பிறகு அறைச் சூட்டிலேயே நாள்போக்கில் கொஞ்சம் கடினமாகும். போதாததற்கு, டூல் பிசைந்த பிசையலில் நடுப்பகுதியின் மணிகள் (உலோகம் ஆன நுண்படிகங்கள்) சில மைக்ரான் அளவுக்கு நுணுகிவிடுகின்றன. ஆகவே கடினத்தன்மையைக் குறுக்காக அளந்து வரைந்தால் டபிள்யூ எழுத்து மாதிரி வரும். நடுவில் ஒரு மேடு, இரண்டு பக்கமும் இரண்டு குழி. உங்கள் துண்டு அறுந்தது அந்தக் குழி ஒன்றில்.

கூடச் சூடு பட்ட இடம் தப்பித்துக்கொள்கிறது, நடுத்தரச் சூட்டில் அதிக நேரம் கிடந்த இடம்தான் மாட்டிக்கொள்கிறது. எத்தனை டிகிரி என்று மட்டும் பார்த்தால் போதாது, எத்தனை நொடி என்றும் பார்க்க வேண்டும்.

#5 பழையவெல்டர்

அம்மா, நான்கு வருடமாக ஒரு விஷயத்தைத் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். டபிள்யூ படம் ஒன்றை ஒரு பயிற்சியில் பார்த்தேன், ஏன் நடுவில் மேடு என்று யாரும் சொல்லவில்லை. நன்றி.

#6 வெப்பக்கணக்கு

நுண்ணமைப்பு சொன்ன "எத்தனை நொடி" என்பதைக் கணக்காகப் பார்ப்போம். சுழலி, உங்கள் ஸ்பிண்டிலில் டார்க் (முறுக்குவிசை) தெரியுமா? தெரியாவிட்டால் மோட்டார் இழுக்கும் பவரை வைத்து ஓரளவு சொல்லலாம்.

உதாரணத்துக்கு 1000 ஆர்பிஎம்மில் டார்க் 25 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பவர் 2.6 கிலோவாட். இதில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. நிமிடத்துக்கு 100 மிமீ என்றால் நொடிக்கு 1.67 மிமீ. ஒவ்வொரு மில்லிமீட்டர் வெல்டுக்கும் சுமார் 1570 ஜூல் கொட்டுகிறீர்கள்.

இப்போது 1400க்கு ஏற்றினால் வெப்பம் 40 சதவீதம் கூடும் என்று தோன்றும். கூடாது. உலோகம் இன்னும் இளகிவிடுவதால் டார்க் குறையும். 19 ஆக இறங்கியது என்றால் 2.8 கிலோவாட், மில்லிமீட்டருக்கு 1670 ஜூல். வெறும் ஆறு சதவீதம்தான் ஏறியது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: சூடு ஏற ஏற உலோகம் இளகும், இளக இளக உராய்வு கொடுக்கும் வெப்பம் குறையும். தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் அடுப்பு. அதனால்தான் ஆர்பிஎம்மை எவ்வளவு திருகினாலும் உச்சச் சூடு உருகுநிலைக்குக் கீழேயே நின்றுகொள்கிறது. உங்கள் 1400இல் வலிமை கொஞ்சம்தான் விழுந்ததற்கும், உபரியாக பிளாஷ் மட்டும் பிதுங்கியதற்கும் காரணம் இதுதான்.

ஃபீட் அப்படியல்ல. நிமிடத்துக்கு 300 மிமீ போங்கள். தகடு குளிர்ச்சியாக எதிரே வருவதால் டார்க் 30க்கு ஏறும் என்று வைப்போம். 3.1 கிலோவாட், நொடிக்கு 5 மிமீ, ஆக மில்லிமீட்டருக்கு 630 ஜூல். பாதிக்கும் கீழே. மெல்லிய தகட்டில் குளிரும் நேரம் இந்த எண்ணின் வர்க்கத்தைப் பின்பற்றும். தகட்டுக்கு அடியில் தாங்கும் பேக்கிங் பிளேட்டும் சூட்டை உறிஞ்சுவதால் உங்களுக்கு அவ்வளவு துல்லியமாக வராது, ஆனாலும் ஹாஸ் சூட்டில் கிடக்கும் நேரம் மூன்று நான்கு மடங்கு குறைய வேண்டும்.

அப்புறம் ஷோல்டர். 6 மிமீ தகட்டுக்கு 18 மிமீ ஷோல்டர் பெரிது என்பது என் கருத்து. தட்டையான ஷோல்டர், உங்கள் பின் அளவு இவற்றைப் போட்டால் வெப்பத்தில் 80 சதவீதம் ஷோல்டரிலிருந்து, 17 சதவீதம் பின்னின் பக்கத்திலிருந்து, மிச்சம் 3 சதவீதம் பின் நுனியிலிருந்து. ஷோல்டர் பங்கு ஆரத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 18ஐ 16 ஆக்கினால், உலோகம் அதே இளக்கத்தில் இருந்தால், மொத்த வெப்பம் கால்வாசி குறையும். 2 மிமீக்கு அது பெரிய மாற்றம்.

#7 சுழலி

அசந்துபோனேன். ஆர்பிஎம்தான் சூடு, ஃபீட் என்பது உற்பத்தி வேகம் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

16 மிமீ ஷோல்டர் கடைந்துகொண்டேன். 1000 ஆர்பிஎம்மிலேயே 300, 600 என்று இரண்டு ஓட்டம். அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியால் டூலுக்குப் பின்னால் அளந்தேன். 300இல் 118 டிகிரி, 600இல் 96 டிகிரி காட்டியது. இவ்வளவு குறைந்த சூட்டில் எப்படி ஒட்டுகிறது? 600இல் வெட்டிப் பார்த்தபோது கீழ்ப்பக்கம் ஒரு பொந்து தெரிந்தது. மேலிருந்து பார்க்கையில் ஒன்றுமே தெரியவில்லை.

#8 தெர்மோகப்பிள்

அந்த எண்ணைத் தயவுசெய்து குறிப்பேட்டில் எழுதாதீர்கள். துப்பாக்கி பொய் சொல்கிறது.

பளபளக்கும் அலுமினியம் தன் சூட்டுக்கு உரிய கதிர்வீச்சில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே விடாது. துப்பாக்கியோ பெரும்பாலும் 0.95 என்ற அளவுக்குப் பொருத்தப்பட்டிருக்கும். மீதிக் கதிர்வீச்சு சுற்றுப்புறத்திலிருந்து தகட்டில் பட்டுத் திரும்பி வருவது. 400 டிகிரித் தகடு 118 என்று தெரிவது இப்படித்தான். சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் பூசினால் ஓரளவு நம்பலாம், ஆனால் ஷோல்டர் கடந்த தடத்தில் பெயின்ட் இருக்காது.

கே வகை தெர்மோகப்பிள் (நுனியில் சூட்டை உணரும் கம்பி) வாங்குங்கள். தகட்டின் அடிப்பக்கத்திலிருந்து, 1 மிமீக்குச் சற்று அதிகமான விட்டத்தில், 3 மிமீ ஆழத்துக்குத் துளை போடுங்கள். வெல்டின் நடுவிலிருந்து 10, 14, 20 மிமீ என மூன்று இடம் போதும். நுனி துளையின் அடியைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை என்றால் நீங்கள் அளப்பது துளைக்குள் இருக்கும் காற்றை. நான் நுனியைச் செருகிவிட்டு, துளையின் வாயைச் சுற்றி சென்டர் பஞ்சால் மூன்று தட்டுத் தட்டுவேன். அலுமினியம் உள்ளே மடிந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளும். பேக்கிங் பிளேட்டில் கம்பி போக ஒரு சிறு வாய்க்கால் வெட்ட வேண்டியிருக்கும். அளவைப் பதியும் லாகர் நொடிக்குப் பத்து முறையாவது பதிய வேண்டும், இல்லாவிட்டால் உச்சம் நழுவிவிடும்.

வரைபடத்தில் உச்சியை மட்டும் பார்க்காதீர்கள். 250 டிகிரியில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு மேலே எத்தனை நொடி என்று எண்ணுங்கள்.

#9 அடிவேர்

அந்தப் பொந்தைப் பற்றி. அது டனல். குறுக்குவெட்டில் முன்னேறு பக்கத்தில், அதாவது டூல் விளிம்பு சுழலும் திசையும் நகரும் திசையும் ஒன்றாக இருக்கும் பக்கத்தில், பின்னின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே இருந்திருக்கும். சரிதானே? டூலின் பின் தனக்கு முன்னாலிருந்து எடுத்த உலோகம் சுற்றிவந்து, அது கடந்த இடத்தில் உண்டான குழியை நிரப்ப வேண்டும். நிமிடத்துக்கு 600 மிமீ, 1000 ஆர்பிஎம் என்றால் ஒரு சுற்றுக்கு 0.6 மிமீ நகர்வு. உலோகம் அந்த வேகத்துக்கு இளகவில்லை, மேலிருந்து அழுத்தமும் போதவில்லை. குழி நிரம்பாமல் சுரங்கம் மாதிரி வெல்டு நெடுகப் போகும்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். மேலே இருவரும் சூட்டைக் குறைக்கச் சொன்னது சரி. ஆனால் சூட்டைக் குறைத்துக் குறைத்துப் போகிறவர்கள் விழும் குழி இது. டனலாவது எக்ஸ்ரேயில், அல்ட்ராசோனிக்கில் தெரியும். அடிவிளிம்பில் இரண்டு தகடும் ஒட்டியது போலத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும் நிலை ஒன்று உண்டு. பழைய ஆக்சைடு படலம் உடைந்து கலக்காமல் கோடாக அப்படியே கிடக்கும். அது எந்தக் கருவியிலும் எளிதில் சிக்காது. டென்சைல் டெஸ்டில்கூடச் சில சமயம் தப்பித்துவிடும், ஏனென்றால் ஹாஸ் முந்திக்கொண்டு உடைந்துவிடுகிறதே! திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் களைப்புச் சுமையில்தான் அது வாயைப் பிளக்கும். ஒவ்வொரு புதிய ஃபீடுக்கும் அடிப்பக்கம் வெளியே இருக்கும்படி வளைத்துப் பாருங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

பின் 5.7, தகடு 6. அடியில் 0.3 மிமீ இடைவெளி. சூடாக ஓட்டும்போது அந்த 0.3 தானாகவே பிசைந்து சேர்ந்துகொள்ளும். குளிராக ஓட்டினால் சேராது. 5.8 வைத்து, தகடுகளின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். 6 என்று சொல்லும் தகடு சரியாக 6 இருப்பதில்லை.

#10 பழையவெல்டர்

பேக்கிங் பிளேட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்குக் கைக்கு வந்த அனுபவம் ஒன்று உண்டு.

இரண்டு மீட்டர் நீளப் பேனல்கள், வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக. காலையில் முதல் பேனல் ஓட்டினால் ஆரம்பத்து ஒரு சாண் நீளம் அடியில் சேராமல் இருக்கும். ஐந்தாவது பேனல் ஓட்டும்போது கடைசிப் பகுதியில் ஷோல்டர் அமுங்கி, தகடு மெலிந்து, பிளாஷ் ரிப்பன் மாதிரி வெளியே வரும். ஆர்பிஎம், ஃபீட் எதுவும் மாற்றவில்லை. மெஷின் ஆபரேட்டரைத்தான் திட்டினோம். பாவம், அவர் மீது தப்பே இல்லை. அடியிலிருந்த ஸ்டீல் பிளேட் முதல் பேனலுக்குக் குளிர்ந்து கிடந்தது, ஐந்தாவதுக்குக் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. எண்கள் ஒன்றுதான், வெல்டு வேறு.

கடைசியில் தினமும் பிளேட்டை ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு ஆரம்பிக்கிறோம். பின்னை இறக்கியதும் உடனே நகராமல் சில நொடி அங்கேயே சுற்றவிட்டு உலோகம் இளகிய பிறகு நகர்கிறோம். ஆரம்பத்துக் குறை போய்விட்டது.

#11 வெப்பக்கணக்கு

ஐயா சொன்னது தங்கம். அந்த நிலையில் டூலின் உயரத்தை நிலையாக வைத்து ஓட்டுவதைவிட அழுத்தத்தை நிலையாக வைத்து ஓட்டும் மெஷின்கள் ஓரளவு காப்பாற்றும், ஆனால் தகடு அளவுக்கு மீறி இளகும்போது டூல் உள்ளே அமிழ்ந்துவிடும். உயரத்தை நிலையாக வைத்தால் அதற்கு நேர்மாறு: அழுத்தம் குறைந்து டனல் வரும்.

பேக்கிங் பிளேட் என்ன உலோகம் என்பதும் சூட்டைத் திருப்பிப் போடும். செம்பு வைத்தால் சூட்டைக் குடித்துவிடும், அடிப்பகுதி குளிர்ந்துபோகும். டைட்டானியம் வைத்தால் சூட்டை உள்ளேயே தேக்கும். தடித்த தகட்டில் மேலுக்கும் அடிக்கும் இருக்கும் சூட்டு வித்தியாசமே பெரிய தலைவலி, அங்கே இந்தத் தேர்வு கைகொடுக்கும். 6 மிமீக்கு ஸ்டீலே போதும்.

#12 புதியவன்7075

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது 7075-டி6 என்ற வேறு அலுமினியக் கலவை. இதே எண்களை அப்படியே போடலாமா?

#13 நுண்ணமைப்பு

போடாதீர்கள். 6061க்கு உருகத் தொடங்கும் நிலை 582 என்றேன். 7075க்கு 477. இன்னொரு அலுமினியக் கலவையான 2024க்கு 502. 6061 சுகமாக இருக்கும் சூட்டில் 7075இன் மணி எல்லைகளில் சின்னச் சின்னத் திவலைகளாக உருகல் தொடங்கிவிடும். அப்போது டூலுக்கு அடியில் எண்ணெய் ஊற்றியது போல வழுக்கும், டார்க் சட்டென்று விழும், மேற்பரப்பு கிழிந்தது போலச் சொரசொரப்பாகும். வெப்பம் கடத்தும் திறனும் குறைவு: 6061-டி6க்கு மீட்டர்-கெல்வினுக்கு 167 வாட் என்றால் 7075-டி6க்கு 130. சூடு டூலைச் சுற்றியே தேங்கும். ஆர்பிஎம்மைக் குறைத்துத் தொடங்குங்கள், ஃபீடை மெல்ல ஏற்றுங்கள். சூட்டில்கூட 7075 முரட்டு உலோகம், பின் ஒடியும் ஆபத்தும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. 7075 வெல்டின் நடுப்பகுதி அறைச் சூட்டிலேயே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கடினமாகிக்கொண்டே போகும். இன்று அளந்த கடினத்தன்மையையும் போன மாதம் ஓட்டிய துண்டின் கடினத்தன்மையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். வெல்டு செய்த தேதியை ஒவ்வொரு துண்டிலும் பொறியுங்கள்.

5083 கலவை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை. அதற்கு வலிமை தருவது ஊசிப் படிவு அல்ல, அலுமினியத்துக்குள் கரைந்திருக்கும் மெக்னீசியம். பதப்படுத்தி மென்மையாக்கிய 5083-ஓ தகட்டில் ஹாஸ் குழியே பெரும்பாலும் தெரியாது. உருட்டிக் கடினமாக்கிய தகடு என்றால் அந்தக் கடினம் மட்டும் போகும்.

#14 பழையவெல்டர்

வெல்டு செய்த பிறகு சூளையில் வைத்து மீண்டும் டி6க்குக் கொண்டுவந்துவிட முடியாதா? ஆர்க் வெல்டில் செய்வது உண்டு.

#15 நுண்ணமைப்பு

இரண்டு விதமாகச் செய்யலாம், ஐயா. மொத்தமாக 530க்குக் கொண்டுபோய், நீரில் முக்கி, திரும்ப வயதேற்றினால், அதாவது 170 அருகில் பல மணி நேரம் வைத்தால், வலிமை திரும்பும். ஆனால் நீரில் முக்கும்போது நீளப் பேனல் கோணிக்கொள்ளும். இன்னொரு சங்கடம், பிசைந்து நுணுகிய நடுப்பகுதி மணிகள் அந்தச் சூட்டில் திடீரென்று கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரிதாகிவிடலாம். உலோகத்தை லேசாக அரிக்கும் கரைசல் பூசிப் பார்த்தால் வெல்டு முழுக்கச் சிப்பி சிப்பியாக மின்னும். நீட்சி குறைந்துவிடும்.

முக்காமல், 170இல் வயதேற்றல் மட்டும் செய்தால் நடுப்பகுதி நன்றாகக் கடினமாகும், ஏனென்றால் அங்கே மெக்னீசியமும் சிலிக்கானும் கரைந்த நிலையில் காத்திருக்கின்றன. ஹாஸ் குழியில் அவை ஏற்கெனவே தடித்த கம்பிகளில் அடைபட்டுவிட்டன. புதிதாக ஊசி உருவாக்கச் சரக்கு இல்லை. டபிள்யூவின் நடு மேடு உயரும், குழி ஏறத்தாழ அப்படியே கிடக்கும். உடைவது குழியில்தானே.

என்னைக் கேட்டால், தகட்டை டி4 நிலையிலேயே (கரைத்துக் குளிரவைத்தது, சூளையில் வயதேற்றாதது) வாங்கி, வெல்டு செய்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை வயதேற்றுவது நல்லது. வெல்டும் தகடும் சேர்ந்தே வலிமை பெறும்.

#16 நீர்க்கூடை

எல்லோரும் ஃபீடையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் டூலுக்குப் பின்னால் தண்ணீர் பீய்ச்சுகிறேன். சூட்டில் கிடக்கும் நேரம் அப்படியே சுருங்கிவிடுகிறது. தகட்டை நீருக்குள்ளேயே வைத்துச் செய்பவர்களும் உண்டு. ஹாஸ் ஒடுங்குகிறது, குழியின் ஆழமும் குறைகிறது. இதை ஏன் யாரும் பரிந்துரைக்கவில்லை?

#17 அடிவேர்

வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் டூலுக்கு முன்னால் ஒரு துளி சிந்தினாலும் எதிரே வரும் உலோகம் குளிர்ந்து டனலுக்கு வழி செய்யும். டார்க்கும் டூல் மேல் விழும் பக்கவாட்டு விசையும் ஏறும். மூட்டின் இடைவெளிக்குள் தண்ணீர் போனால் அங்கே ஆக்சைடும் ஹைட்ரஜனும் சேரும். பழகும் ஒருவருக்கு முதல் மருந்தாக இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஃபீடும் ஷோல்டரும் காசில்லாத மருந்து.

#18 நீர்க்கூடை

முன்னால் சிந்தக்கூடாது என்பது சரி. நான் ஷோல்டருக்கு 25 மிமீ பின்னால், தடுப்புத் தகடு வைத்துத்தான் பீய்ச்சுகிறேன். அப்படி வைத்தால் நீங்கள் சொல்லும் இடர் வராது. ஆனால் தொடங்குபவருக்கு இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்பதை ஏற்கிறேன்.

#19 சுழலி

மூன்று வாரம் ஆகிவிட்டது. எல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

தெர்மோகப்பிள் மூன்றும் செருகி, சென்டர் பஞ்சால் தட்டிப் பூட்டினேன். ஒன்று ஓட்டத்தின்போது கழன்றுவிட்டது, 10 மிமீ இடத்தில் இருந்தது நல்லவேளையாக நின்றது. பழைய டூல், 18 மிமீ ஷோல்டர், நிமிடத்துக்கு 100 மிமீ: உச்சம் 386 டிகிரி, 250 கோட்டுக்கு மேல் 41 நொடி. புதிய டூல், 16 மிமீ ஷோல்டர், 5.8 மிமீ பின், நிமிடத்துக்கு 300 மிமீ: உச்சம் 341 டிகிரி, கோட்டுக்கு மேல் 10 நொடி. அந்த இரண்டு வளைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒன்று மலை, இன்னொன்று முள்.

கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் குறுக்கே ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எடுத்தேன். டபிள்யூ அப்படியே வந்தது. பழையதில் குழி 57, புதியதில் 68. குழியின் இடமும் நடுவிலிருந்து 10 மிமீயிலிருந்து 8 மிமீக்கு நகர்ந்துவிட்டது. இழுவை வலிமை 195லிருந்து 228. இன்னமும் ஹாஸில்தான் உடைகிறது, ஆனால் ஏன் என்று இப்போது தெரிகிறது. நான்கு துண்டு வளைத்தேன், அடிப்பக்கம் சுத்தம்.

400 மிமீக்கும் ஓட்டிப் பார்த்தேன். வலிமை 231, ஆனால் வளைத்த மூன்று துண்டுகளில் ஒன்று அடியில் மயிரிழையாகத் திறந்தது. அடிவேர் அண்ணா சொன்னது மனதில் இருந்ததால்தான் வளைத்தேன். இல்லையென்றால் 231ஐப் பார்த்து 400தான் சரி என்று முடிவு செய்திருப்பேன்.

#20 அடிவேர்

300இலேயே நில்லுங்கள். மூன்று மெகாபாஸ்கலுக்காக அடியைப் பணயம் வைக்க வேண்டாம். திறந்த அந்தத் துண்டை எறியாதீர்கள். பாலிஷ் செய்து அரிக்கும் கரைசல் பூசினால் ஆக்சைடு கோடு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

#21 பழையவெல்டர்

தம்பி, ஒரு உதவி. உங்கள் துண்டுகள் தகட்டின் எந்த இடத்திலிருந்து வெட்டியவை? ஆரம்பத்திலிருந்தா, நடுவிலா, கடைசியிலா? என் பேனல்களில் மூன்று இடத்துக்கும் மூன்று விதமான வெல்டு இருக்கும் என்று இந்த இழையைப் படித்த பிறகு தோன்றுகிறது. நாளைக்கே ஒரு பேனலை வெட்டி, மூன்று இடத்திலும் கடினத்தன்மை எடுக்கப்போகிறேன்.

#22 சுழலி

எல்லாமே நடுவிலிருந்து வெட்டியவை, ஐயா. என் தகடு 300 மிமீதான். முதல் 40 மிமீயையும் கடைசி 40 மிமீயையும் வெட்டி எறிந்துகொண்டிருந்தேன். இனி அவற்றையும் எடுத்துவைத்து அளக்கிறேன். உங்கள் எண்கள் வந்ததும் இங்கேயே போடுங்கள், என்னுடையதையும் பக்கத்தில் வைக்கிறேன்.